ஆர்டுயினோவும் ஓடுது, பம்ப்பும் ஓடுது, விதை மட்டும் முளைக்கல: எங்க தப்புன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

போன ஆடி மாசம் அக்கா பையன் ஒரு அட்டைப்பெட்டியோட வந்து நின்னான். ஒன்பதாவது படிக்கிறான், ஸ்கூல்ல ப்ராஜெக்ட்டாம். பெட்டிக்குள்ள ஒரு ஆர்டுயினோ ஊனோ (நாம எழுதுற ப்ரோக்ராம் படி வேலை செய்யுற குட்டி போர்டு), மண் ஈரம் பாக்குற சென்சார், ஒரு ரிலே (போர்டு சொன்னா ஆன் ஆஃப் ஆகுற சுவிட்ச்), தண்ணிக்குள்ள முங்கி ஓடுற குட்டி பம்ப், ரெண்டு முழம் டியூப், பழைய ஐஸ்க்ரீம் டப்பா நிறைய கோகோபீட் (தேங்கா நார் தூள்), தக்காளி விதை பாக்கெட் ஒண்ணு. "மாமா, எல்லாம் கரெக்டா கனெக்ட் பண்ணிட்டேன், லைட் எரியுது, பம்ப்பும் ஓடுது, ஆனா பத்து நாள் ஆச்சு ஒண்ணுமே முளைக்கல"ன்னான். நான் லேப்டாப்ப தொடவே இல்ல, டப்பாக்குள்ள விரல விட்டேன். மேல காஞ்சு ரஸ்க் மாதிரி இருக்கு, ஒரு இஞ்ச் கீழ போனா சொதசொதன்னு சேறு. சென்சார் என்னமோ ஈரம் இருக்கு ஈரம் இருக்குன்னு சொல்லிட்டே இருக்கு. அது பொய் சொல்லல, அது நிக்குற இடத்துல ஈரம் இருக்கத்தான் செய்யுது. விதை கிடக்குற இடத்துல தான் இல்ல.

இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல பெரிய தொல்லையே இதான். வயர் தப்பும் விதை தப்பும் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சுக்கும். முளைக்கலன்னா பையன் கோடை, அதான் போர்டுல ஏத்துற ப்ரோக்ராம, மாத்துவான், கோடு சரியா இருந்தா சென்சார மாத்துவான், கடைசியில பாத்தா விதையே மூணு வருஷம் பழசா இருக்கும். அதனால முதல்ல ரெண்டையும் பிரிங்க, அதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல.

முதல்ல ரெண்டாவது டப்பா

அதே விதை, அதே கோகோபீட், அதே மாதிரி இன்னொரு டப்பா, பக்கத்துலயே வைங்க. அதுல வயர், சென்சார், பம்ப் எதுவும் கிடையாது, காலைல சாயங்காலம் நீங்களே கையால தண்ணி தெளிங்க, அவ்வளவுதான். ஸ்கூல்ல இதுக்கு கன்ட்ரோல்னு பேரு சொல்லிக் கொடுத்திருப்பாங்க, ஆனா ப்ராஜெக்ட்னு வந்தா ஒருத்தனும் வைக்க மாட்டான். கை டப்பா முளைச்சு மெஷின் டப்பா முளைக்கலன்னா தப்பு வயர் பக்கம். ரெண்டுமே முளைக்கலன்னா ஆர்டுயினோவ பாவம் விட்டுடுங்க, விதையோ கோகோபீட்டோ ஆழமோ, அங்க தேடுங்க.

கூடவே விதைய தனியா ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. டிஷ்யூ பேப்பர நனைச்சு பிழிஞ்சு, அதுல பத்து விதைய எண்ணி வரிசையா வெச்சு மடிச்சு, ஒரு டப்பாவுல போட்டு மூடி நிழல்ல வைங்க. நம்ம ஊரு சூட்டுக்கு கீரை 3, 4 நாள்ல முளை காட்டிடும், வெண்டை 4ல இருந்து 6 நாள், தக்காளி 5ல இருந்து 8, கத்திரி ஒரு வாரம் பத்து நாள், மிளகாய் சோம்பேறி, ரெண்டு வாரம் கூட எடுத்துக்கும். பப்பாளின்னா மூணு வாரம் வாய மூடிட்டு காத்திருக்கணும். பத்துல எட்டு முளைச்சா விதை நல்ல விதை, நாலு தான் முளைச்சுதுன்னா குழிக்கு ரெண்டு மூணா போட்டுக்கலாம், ஒண்ணுமே வரலன்னா பாக்கெட்ட திருப்பி தேதிய பாருங்க. வெங்காய விதையெல்லாம் ஒரு வருஷம் தாண்டினாலே நம்ப முடியாது. இந்த டிஷ்யூ டெஸ்ட் பண்ணாம நான் ஒரு தடவ மூணு வாரம் சென்சார் கூட மல்லு கட்டியிருக்கேன், அந்த கொத்தமல்லிய உடைக்காம முழுசா போட்டிருக்கேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது (அது ரெண்டா பிளக்குற காய், லேசா தேய்ச்சு பிரிச்சு போட்டா தான் ஒழுங்கா வரும், அதுவும் சித்திரை வெயில்ல போட்டா சொல்லவே வேணாம்).

ஆழமும் முக்கியம். விதையோட கனத்துக்கு ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும். தக்காளி விதைக்கு அரை சென்டிமீட்டர், கீரை விதைக்கு மேல சும்மா தூவி விட்டு கைய வெச்சு அமுக்கினாலே போதும். பசங்க ஆள்காட்டி விரல முழுசா உள்ள விட்டு குழி போடுறாங்க, அதுக்குள்ள விழுந்த கீரை விதை வெளிச்சத்த பாக்காமலே செத்துப் போகும்.

கீரை விதை போட்ட மறுநாளே டப்பா காலியா இருந்தா பயப்படாதீங்க, எறும்பு தூக்கிட்டு போயிருக்கும். டப்பாவ ஒரு தட்டுல வெச்சு தட்டு சுத்தி தண்ணி ஊத்தி வைங்க, அம்மா சக்கரை டப்பாவுக்கு பண்ணுவாங்களே அதே வேலை.

கோடே ஏற மாட்டேங்குது

சரி விதை நல்லா இருக்கு, இப்ப வயர் பக்கம் வருவோம். கோடு ஏறலன்னா பத்துல ஆறு தடவ காரணம் கேபிள் தான். வீட்டுல கிடக்குற பழைய யுஎஸ்பி கேபிள் நிறைய சார்ஜ் ஏத்த மட்டும் தான், உள்ள டேட்டா வயரே இருக்காது, போர்டுல லைட் எரியும், ஆனா லேப்டாப்புக்கு போர்டு வந்ததே தெரியாது. பிரிண்டர் கேபிள் இருந்தா அத எடுத்து மாட்டிப் பாருங்க, ஊனோவுக்கு பெரும்பாலும் அதே சதுர முனை தான். அப்பவும் லேப்டாப்ல ஆர்டுயினோ சாஃப்ட்வேர்ல இருக்கிற போர்ட் லிஸ்ட்ல வரலன்னா குளோன் போர்டா (ஒரிஜினல் மாதிரியே பண்ண நகல்) இருக்கும், அதுல சிஹெச்340னு ஒரு சிப்பு இருக்கும், அதுக்கு டிரைவர் தனியா போடணும். போர்ட் தெரியுது ஆனா "நாட் இன் சிங்க்"னு செவப்புல திட்டுதுன்னா போர்டு பேரு தப்பா செலக்ட் ஆயிருக்கான்னு பாருங்க, நேனோ (ஊனோவோட குட்டி வகை) குளோன்னா ப்ராசஸர்ல ஓல்டு பூட்லோடர்னு இருக்கிறத தேர்ந்தெடுத்தா பல தடவ சரியாயிடும். பின் 0, பின் 1 ரெண்டுலயும் எதையாவது சொருகியிருந்தீங்கன்னா கழட்டிட்டு ஏத்துங்க, அது ரெண்டும் லேப்டாப்போட பேசுற வழி. சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புறத லேப்டாப்ல காட்டுற ஜன்னல்) ஜிலேபி ஜிலேபியா எழுத்து வந்தா வேகம் பொருந்தல, கோடுல 9600னா கீழயும் 9600 வைங்க.

ப்ரெட்போர்டுல (வயர சொருகி இணைக்கிற ஓட்டை ஓட்டையான பலகை) ஒரு ஏமாத்து வேலை இருக்கு. பெரிய போர்டு சிலதுல ஓரத்துல ஓடுற செவப்பு நீல கோடு நடுவுல துண்டாகி இருக்கும், கோடு பெயிண்ட் கூட அந்த இடத்துல விட்டுப் போயிருக்கும், நல்லா உத்து பாத்தா தெரியும். இந்தப் பக்கம் 5 வோல்ட் குடுத்துட்டு அந்தப் பக்கம் சென்சார சொருகினா கரண்டே போகாது. ஒரு சின்ன ஜம்பர் வயர வெச்சு ரெண்டு பாதியையும் சேத்துடுங்க. சென்னையில எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க, பீப் சத்தம் வர்றது, அது ஒண்ணு கையில இருந்தா இந்த மாதிரி சந்தேகம் எல்லாம் அரை நிமிஷத்துல தீரும்.

சென்சார் சொல்றத எப்படி நம்புறது

இங்க தான் கொஞ்சம் உக்காந்து பாக்கணும். கடையில ரெண்டு வகை கிடைக்கும். ஒண்ணு பளபளன்னு ரெண்டு கால் இருக்கிறது, மண்ணுக்குள்ள கரண்ட் விட்டு எவ்வளவு சுலபமா போகுதுன்னு பாக்கும். இன்னொன்னு கருப்பா ஒரே பட்டையா இருக்கிற கெப்பாசிட்டிவ், அதுல உலோகம் வெளிய தெரியாது.

ரெண்டு கால் சென்சார 5 வோல்ட்ல நிரந்தரமா சொருகி வெச்சீங்கன்னா ரெண்டு வாரத்துல ஒரு கால் அரிச்சு கருப்பாயிடும், பச்சை பச்சையா பூக்கும், ரீடிங்கும் நாளுக்கு நாள் நகரும். பையன் கோடுல நம்பர மாத்திட்டே இருப்பான், உண்மையில தேஞ்சு போறது சென்சார் கால். அதனால விசிசிய (சென்சாருக்கு கரண்ட் வர்ற கால்) 5 வோல்ட்ல குடுக்காம ஒரு டிஜிட்டல் பின்ல குடுங்க, ரீடிங் எடுக்கும்போது மட்டும் அந்த பின்ன ஆன் பண்ணி, ஒரு நூறு மில்லிசெகண்ட் விட்டு படிச்சு, ஆஃப் பண்ணிடுங்க. மணிக்கு ஒரு தடவ படிச்சா போதும், தக்காளி விதைக்கு செகண்டுக்கு செகண்டு ஜாதகம் பாக்க வேண்டியதில்ல. போர்வெல் தண்ணி உப்பா இருந்தா இந்த வகை சென்சார் இருக்கிறத விட அதிக ஈரம்னு காட்டும், உப்பு தண்ணில கரண்ட் சுலபமா போகும்ல, அதான்.

கெப்பாசிட்டிவ் அரிக்காது, ஆனா அதுக்கும் வியாதி உண்டு. பட்டையோட ஓரத்துல போர்டு வெட்டுன இடம் பூச்சு இல்லாம இருக்கும், அது வழியா தண்ணி உள்ள ஊறும், ஒரு மாசத்துல ரீடிங் கிறுக்கு புடிச்ச மாதிரி ஆகும். வாங்கின அன்னைக்கே ஓரம் முழுக்க நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு காய விடுங்க. மேல சின்ன சின்ன பாகங்க ஒட்டியிருக்கிற இடம் நனையவே கூடாது, ஒரு கோடு போட்டிருக்கும் பாருங்க, அதுக்கு மேல மண்ணு ஏறக் கூடாது.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். ஊனோ 0ல இருந்து 1023 வரைக்கும் நம்பர் குடுக்கும். யாரோ அவங்க கோடுல 500னு போட்டிருக்காங்கன்னு நீங்களும் 500 போடாதீங்க. உங்க சென்சார முதல்ல காத்துல புடிச்சு நம்பர எழுதுங்க, அப்புறம் டம்ளர் தண்ணில கோடு வரைக்கும் விட்டு எழுதுங்க. எங்க பையன் சென்சார் காத்துல 590 பக்கம், தண்ணில 270 பக்கம். அடுத்தது தான் ரொம்ப பேர் விடுறது: கோகோபீட்ட நனைச்சு, ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துனா விரலிடுக்குல ரெண்டு சொட்டு மட்டும் எட்டிப் பாக்கணும், அந்த பதத்துல ஒரு டப்பாவுல ரொப்பி சென்சார சொருகி வர்ற நம்பர எழுதுங்க. இது தான் உங்களுக்கு வேணும்ங்கிற நம்பர், மத்த ரெண்டும் எல்லை. இந்த கெப்பாசிட்டிவ்ல காஞ்சா நம்பர் ஏறும், நனைஞ்சா இறங்கும். சில ரெண்டு கால் சென்சார் நேர் எதிரா போகும். கோட காப்பி அடிச்சு போட்டு, காஞ்சிருக்கும்போது சும்மா இருந்துட்டு ஈரமானதும் பம்ப் ஓடுதுன்னா, அந்த பெருசு சிறுசு குறிய (<, >) திருப்பிப் போட்டாலே சரியாயிடும்.

இப்ப முதல்ல சொன்ன விஷயத்துக்கு வரேன். சென்சார் பட்டை நிக்குறது டப்பாவுல ஆறு ஏழு சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும், விதை கிடக்குறது மேல அரை சென்டிமீட்டர்ல. வெயில் காத்து எல்லாம் அடிக்கிறது அந்த மேல் பகுதிய தான். கீழ சேறா இருக்கும்போதே மேல காஞ்சுடும், சென்சார் மொத்தமா பாத்து ஈரம் இருக்குன்னு சொல்லும், பம்ப் ஓடாது, ஊறி வாய் திறந்த விதை அப்படியே காஞ்சு போகும். ஊறி வாய் திறந்த அப்புறம் காஞ்ச விதைக்கு மறுபடி தண்ணி ஊத்தி பிரயோஜனம் இல்ல. அதனால என்னைக் கேட்டா முளைக்கிற வரைக்கும் சென்சார் வேணவே வேணாம். நர்சரிக்காரங்க என்ன பண்றாங்க, விதை போட்டு ஒரு தடவ நல்லா நனைச்சு, குழித்தட்ட (நாத்து விட குட்டி குட்டி குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டு) ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வெச்சிடுறாங்க, முளை எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் பிரிச்சு நிழல் வலைக்கு கீழ பரப்புறாங்க. நீங்களும் டப்பா மேல ஒரு பாலித்தீன் கவர மூடி நிழல்ல வைங்க, ஒரு தடவ ஊத்துன தண்ணியே நாலு நாளுக்கு வரும். முளைச்ச அன்னைக்கே கவர எடுத்துடணும், ஒரு நாள் தாமதிச்சாலும் நெட்டையா வெளிறி சாஞ்சிடும். அப்புறமா சென்சார வேலைக்கு வைங்க.

98 குழி இருக்கிற குழித்தட்டு வாங்கினவங்களுக்கு இன்னொரு சிக்கல், குழி ஆழமே சுமார் நாலு சென்டிமீட்டர் தான், சென்சார் பாதி வெளிய நிக்கும், காத்தையும் சேத்து அளந்து எப்பவும் காஞ்சிருக்குன்னே சொல்லும், பம்ப் ஓடி ஓடி எல்லாத்தையும் முழுக வெச்சிடும். அதுக்கு ஒரு பேப்பர் கப்புல அதே கோகோபீட்ட ரொப்பி, அடியில ஓட்டை போட்டு, அதுலயும் ஒரு நாத்து வெச்சு சென்சார அந்த கப்புல சொருகுங்க, பம்ப் டியூப்ல இருந்து ஒரு கிளை அந்த கப்புக்கும் போகணும். மறந்தீங்கன்னா கப்பு காஞ்சே இருக்கும், தட்டு வெள்ளத்துல மிதக்கும்.

பம்ப், ரிலே, அப்புறம் எங்க வீட்டு வெள்ளம்

பம்ப் ஆன் ஆனதும் ஆர்டுயினோ செத்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குதா? கரண்ட் பத்தல. அந்த சதுர 9 வோல்ட் பேட்டரிய பாத்தா எல்லாருக்கும் ஆசை வரும், 9 வோல்ட்டாச்சே, பெருசா இருக்கேன்னு. அது ஸ்மோக் அலாரம் மாதிரி சொட்டு சொட்டா குடிக்கிற சாமானுக்கு, மோட்டாருக்கு இல்ல, ரெண்டு நாள் கூட தாங்காது. பழைய மொபைல் சார்ஜர் 5 வோல்ட் 2 ஆம்பியர் ஒண்ணு எடுத்து பம்ப்புக்கு தனியா குடுங்க, ஆர்டுயினோவுக்கு வேற சார்ஜர். பம்ப்ப நேரா ஆர்டுயினோ பின்ல மாட்டவே கூடாது, ஒரு பின்னு தாராளமா தர்றது 20 மில்லிஆம்பியர் தான், 40 தாண்டினா சிப்பே காலி, குட்டி பம்ப் கூட நூறு இருநூறு கேக்கும். ரிலேவுக்கு பதிலா மாஸ்ஃபெட் (சத்தம் போடாத எலெக்ட்ரானிக் சுவிட்ச்) வெச்சிருந்தா ரெண்டு சப்ளையோட கிரவுண்டையும் சேத்து கட்டணும், இல்லன்னா ஒண்ணுமே அசையாது. பம்ப்போட ரெண்டு வயருக்கும் குறுக்க ஒரு 1என்4007 டையோடு (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற குட்டி பாகம்), வெள்ளைக் கோடு இருக்கிற பக்கம் பிளஸ்ல வர்ற மாதிரி. மோட்டார் நிக்கும்போது எதிரா ஒரு உதை வோல்டேஜ் வரும், அத அந்த டையோடு வாங்கிக்கும்.

ஆர்டுயினோ ஆன் ஆன உடனே கேக்காமலே பம்ப் ஓடுதுன்னா பெரும்பாலும் ரிலே தலைகீழ் வகை. நிறைய நீல கலர் ரிலே போர்டு லோ குடுத்தா ஆன், ஹை குடுத்தா ஆஃப். கோடுல ரெண்டையும் மாத்துங்க, செட்டப்புல (கோடுல ஆரம்பத்துல ஒரு தடவ மட்டும் ஓடுற பகுதி) பின்ன அவுட்புட்னு சொல்றதுக்கு முன்னாடி வரியிலயே ஹை எழுதிடுங்க, அப்ப ஆரம்பத்துல வர்ற அந்த டிக் சத்தமும் போயிடும். பம்ப் வயர ரிலேவுல என்ஓ (ரிலே ஆன் ஆனா மட்டும் சேருற முனை), காமன் ரெண்டுலயும் தான் மாட்டணும், என்சில (ரிலே ஆஃப்ல சேந்தே இருக்கிற முனை) மாட்டினாலும் இதே தலைகீழ் கூத்து தான். ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், ரிலேவுல 230 வோல்ட்னு எழுதியிருக்குன்னு வீட்டு மோட்டார இதுல மாட்ட பசங்கள விடாதீங்க, ஈரக் கைக்கு பக்கத்துல 5 வோல்ட்டோட நிறுத்திக்கோங்க.

பம்ப் எவ்வளவு தண்ணி தள்ளுதுன்னு அளந்தீங்களா? பெட்டியில மணிக்கு 120 லிட்டர்னு போட்டிருக்கும், அது உண்மையா இருந்தா பத்து செகண்டுக்கு 330 மில்லி. டியூப் மேல ஏறி வர்றதால நிஜத்துல குறையும், ஆனாலும் ஐஸ்க்ரீம் டப்பாவுக்கு அது மூழ்கடிக்கிற தண்ணி. டம்ளர்ல பத்து செகண்டு புடிச்சு அளங்க, அப்புறம் கோடுல ஓட வேண்டிய நேரத்த முடிவு பண்ணுங்க. ஊத்தின உடனே மறுபடி சென்சார படிக்காதீங்க, கோகோபீட்டுக்குள்ள தண்ணி இறங்கி பரவ நேரம் வேணும், மூணு செகண்டு ஓட்டி பத்து நிமிஷம் சும்மா இருக்கட்டும். வாளியில தண்ணி தீந்தா பம்ப் வெறும ஓடி சூடாகி போயிடும், அதனால ஒரு நாளைக்கு இத்தன தடவைக்கு மேல ஓடாதேன்னு கோடுல ஒரு எண்ணிக்கையும் வைங்க, சென்சார் வயர் கழண்டு விழுந்தா கூட அது காப்பாத்தும்.

வெள்ள கதை என்னன்னா, எல்லாம் சரி பண்ணி ராத்திரி பத்து மணிக்கு பம்ப் மூணு செகண்டு ஓடி நின்னத ரெண்டு பேரும் கண்ணால பாத்துட்டு தான் படுத்தோம். காலைல மாடிக்கு போனா டப்பா குளம், தண்ணி படி வழியா இறங்கி கீழ் வீட்டு மாமி போட்ட கோலம் அழிஞ்சு, மாமி இடுப்புல கை வெச்சிட்டு நிக்கிறாங்க. வாளி காலி. பையன் கோடுல தப்புன்னு அழாத குறை. ரிலே ஆஃப்ல தான் இருக்கு, பம்ப்பும் ஓடல. வாளிய ஸ்டூல் மேல வெச்சிருந்தோம், டப்பா தரையில, டியூப் நுனி வாளி தண்ணி மட்டத்துக்கு கீழ தொங்குது. பம்ப் ஒரு தடவ தள்ளி விட்டுச்சு, அதுக்கப்புறம் கரண்டே இல்லாம தண்ணி தானா இழுத்துட்டு வந்துடுச்சு, கேன்ல இருந்து டியூப்ல வாய் வெச்சு உறிஞ்சி விட்டா வருமே அதே சமாச்சாரம், சைஃபன். டியூப் நுனி எப்பவும் வாளி தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும், இல்லன்னா வாளிக்கு மேல டியூப் வளைஞ்சு வர்ற உச்சியில குண்டூசியால ஒரு ஓட்டை, பம்ப் நின்னதும் அது வழியா காத்து புகுந்து தொடர்ச்சி அறுந்துடும். வாளிய தரையில வெச்சு டப்பாவ ஸ்டூல்ல ஏத்தினோம், முடிஞ்சுது. மாமிக்கு அப்புறம் ரெண்டு தக்காளி நாத்து குடுத்து சமாதானம்.

ஒரு தடவ ஓடிட்டு அப்புறம் ஓடவே இல்லன்னா

இது கோடு தப்புலயே ரொம்ப அழகான தப்பு. ஒரு நிமிஷம் காத்திருன்னு சொல்ல டிலேக்குள்ள (மில்லிசெகண்ட் கணக்குல காக்க வைக்கிற கட்டளை) 60000னு நேரா எழுதினா ஒழுங்கா வேலை செய்யும். அதையே புரியுற மாதிரி இருக்கட்டுமேன்னு 60*1000னு எழுதினீங்கன்னா போச்சு. ஊனோவுல சாதாரண முழு எண்ணு 32767 வரைக்கும் தான் தாங்கும், பெருக்கின விடை அத தாண்டி மைனஸ்ல போய் விழும், டிலே அந்த மைனஸ ஒரு பிரம்மாண்ட நம்பரா எடுத்துக்கிட்டு சுமார் 49 நாள் தூங்கிடும். விதை போட்டு அறுவடை பக்கம் வந்துடும் கீரைக்கு. 60க்கு பின்னாடி யு, எல்னு ரெண்டு எழுத்து ஒட்டி எழுதுங்க, கணக்கு பெரிய இடத்துல நடக்கும். இன்ட்னு (அந்த சாதாரண முழு எண் வகை) போட்ட வேரியபிள்ல மில்லிஸ (போர்டு ஆன் ஆனதுல இருந்து ஓடுற மில்லிசெகண்ட் கணக்கு) சேத்து வெச்சாலும் இதே வியாதி தான், அன்சைன்டு லாங்னு மாத்துங்க.

வெப்பம் பாக்குற டிஹெச்டி11 சென்சார் போட்டவங்களுக்கு நேன்னு (நம்பரே இல்லன்னு அர்த்தம்) வந்தா டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அப்புறம் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவைக்கு மேல படிக்காதீங்க. ஆர்டுயினோவுக்கு பதிலா வைஃபை இருக்கிற இஎஸ்பி32 போர்டு வெச்சு வைஃபைல ரீடிங் அனுப்புறவங்களுக்கு சென்சார் நம்பர் சரியாவே வரலன்னா பின் 32ல இருந்து 39 வரைக்கும் இருக்கிறதுல மாத்துங்க, 25, 26, 27 மாதிரி பின்னெல்லாம் வைஃபை ஓடும்போது அனலாகா படிக்காது.

முளைச்சாச்சு, ஆனா

முளைச்சதும் கழுத்து நீண்டு வெளிறி ஒரு பக்கமா சாயுதுன்னா வெளிச்சம் பத்தல. செவப்பு நீலம்னு ப்ரெட்போர்டுல நாலு குட்டி எல்இடி சொருகி க்ரோ லைட்னு சொல்றாங்க, போட்டோக்கு நல்லா இருக்கும், செடிக்கு அது தீபாவளி மத்தாப்பு. உள்ள தான் வளக்கணும்னா வீட்டுல இருக்கிற வெள்ளை எல்இடி ட்யூப்லைட்ட ஒரு சாண் உயரத்துல தொங்க விட்டு ஒரு நாளைக்கு 14 மணி நேரம் போடுங்க. மாடி இருக்கவங்களுக்கு அதுவும் வேணாம், காலை வெயில் சும்மா கிடைக்குது. மத்தியான வெயிலுக்கு 50 சதவீத நிழல் வலை கட்டுங்க, இல்லன்னா கருப்பு டப்பாவுக்குள்ள வேர் வெந்துடும்.

நேத்து வரைக்கும் நல்லா நின்ன நாத்து இன்னைக்கு மண்ணு மட்டத்துல நூலா சுருங்கி மடிஞ்சு கிடந்தா அது நாற்றழுகல். பூஞ்சை வேலை, அதுக்கு சாப்பாடு அதிக தண்ணி. மேல பச்சையா பாசி படிஞ்சிருந்தாலே தண்ணி அதிகம்னு அது முன்கூட்டியே சொல்லிருச்சு. மடிஞ்சது மடிஞ்சது தான், அத எடுத்து தூரப் போட்டுட்டு, கோடுல தண்ணி விடுற அளவ இறக்கி, மேல் மண்ண கொஞ்சம் காய விடுங்க, காத்தோட்டமா வைங்க. அடுத்த தடவ விதைய ட்ரைக்கோடெர்மா விரிடில (கெட்ட பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை, தூளா கிடைக்கும்) புரட்டி போடுங்க, கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, பத்து விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

முதல் ரெண்டு இலை நல்லா இருந்து அதுக்கப்புறம் மஞ்சளா நிக்குதுன்னா பசி. கோகோபீட்டுல சத்து ஒண்ணும் கிடையாது, அது தண்ணி புடிச்சு வெக்கிற பஞ்சு. மண்புழு உரம் கால் பங்கு கலந்திருந்தா பிரச்சனை வராது, கலக்கலன்னா 19:19:19னு தண்ணில கரையுற உரம் லிட்டருக்கு ஒரு கிராம் கரைச்சு வாரம் ஒரு தடவ. இலை நுனி கருகி மேல வெள்ளையா உப்பு பூத்தா அது வேற, கோகோபீட்ட கழுவாம போட்டிருப்பீங்க, இல்ல ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணிய வீணாக்க வேணாமேன்னு ஊத்தியிருப்பீங்க, அது உப்பு எல்லாம் சேந்த தண்ணி, பாத்ரூம் கழுவ வெச்சுக்கோங்க. கட்டியா வர்ற கோகோபீட்ட ஊற வெச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்தி பிழிஞ்ச அப்புறம் தான் விதை போடணும், காபி கலர் தண்ணி போய் ஓரளவு தெளியுற வரைக்கும்.

எங்க பையனோட ரெண்டாவது ரவுண்டு: டிஷ்யூல பத்துக்கு எட்டு, கை டப்பாவுல ஆறாவது நாள் முளை, மெஷின் டப்பாவுல ஏழாவது நாள். 25 நாள்ல நாலஞ்சு இலை வந்துச்சு. தொட்டிக்கு மாத்துறதுக்கு நாலு நாள் முன்னாடி பம்ப் நேரத்த பாதியா குறைச்சு வெயில்ல கொஞ்சம் பழக்கினோம். மாத்துற அன்னைக்கு அவசரத்துல சென்சார சடார்னு உருவினான், அந்த பட்டைய சுத்தி பின்னியிருந்த வேர் எல்லாம் கூடவே வந்துடுச்சு, நல்ல நாத்தா பாத்து ரெண்டு போச்சு. முதல்ல நாத்த மண்ணோட அள்ளி எடுத்துட்டு, அப்புறம் சென்சார எடுங்க.